அரிசோனா படத்தைக் காட்டி நாகலாபுரம் மலைக்குக் கூட்டிப்போனார்கள்

ஊத்துக்கோட்டைக்காரன் நான். ஆந்திரப் பக்கம் இருக்கும் நாகலாபுரம் வேதநாராயணசாமி கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து போய்வருகிறவன். அந்த ஊர் மலைக்கே ஆளுக்கு 2,800 ரூபாய் கட்டிப் போய் ஏமாந்து வந்திருக்கிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

இன்ஸ்டாகிராம் விளம்பரம்தான். 'பாலைவனப் பாறை இடுக்கில் கயிறு கட்டி இறங்கலாம், முதல்முறை வருபவர்களுக்கும் சுலபம்.' படத்தில் செம்பாறை அலை அலையாக வளைந்திருக்க, மேலேயிருந்து ஒற்றைக் கீற்றாய் வெயில். "மாமா, இது அரிசோனாவுல இருக்கிற ஆன்டலோப் கேன்யன்" என்று அக்கா மகன் அப்போதே சொன்னான். படம் எதுவா இருந்தா என்னடா என்றேன். என் வாயை அடிக்க வேண்டும்.

நடந்த தூரத்தையும் கல் மாதிரி இட்லியையும் விட்டுவிடுகிறேன். கயிற்றுக்கு வருவோம்.

இருந்தது ஒரே கயிறு, ஒரே மரத்தில் கட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் மேலுறை நைந்து உள்ளே வெள்ளை நார் பிதுங்கியது. ஹெல்மெட் என்று கொடுத்தது கட்டட வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் தொப்பி. தாடைப் பட்டை இல்லை, குனிந்தால் விழுகிறது. இதற்கு வாடகை தனியாக 600. இடுப்பில் மாட்டும் எட்டு வடிவ வளையத்தில் கயிறு உரசும் பிடிமானத்தில்தான் ஆள் இறங்குவது. கையை விட்டால் சரசரவென்று போய்விடும். அதனால் புது ஆளுக்கு மேலேயிருந்து இன்னொரு கயிறு பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கீழே ஒருவர் நின்று கயிற்று நுனியை இழுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டும் இல்லை. கேட்டால், "நாங்க பாத்துக்குவோம் ப்ரோ."

அக்கா மகன் முதலில் இறங்கினான். வளைவுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று மேலேயிருந்து தெரியாது. கொஞ்ச நேரத்தில் சத்தம்: "மாமா, கயிறு முடிஞ்சிருச்சு!"

தரைக்குப் பத்தடி மேலே கயிறு முடிந்திருந்தது. நுனியில் ஒரு முடிச்சுகூட இல்லை. அவனாகவே நுனியைத் தொடையில் சுற்றிக்கொண்டு தொங்கினான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடிவந்து, "லாகண்டி, லாகண்டி" (இழுங்க, இழுங்க) என்று தெலுங்கில் கத்தியபடி எங்களோடு சேர்ந்து இழுத்தார். கைடு பையன் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான், சிக்னல் இல்லை.

இதற்கு நடுவே மேற்கே வானம் கறுத்துவிட்டது. "இங்க மழை இல்லையே ப்ரோ" என்றான் கைடு. அவர்கள் படம் போட்ட அதே ஆன்டலோப் கேன்யனில் 1997 ஆகஸ்ட் 12 அன்று எங்கோ மேட்டில் பெய்த மழை வெள்ளமாக இறங்கி 11 பேரைக் கொண்டுபோனது. அதைச் சொன்னேன். "அது ஃபாரின் ப்ரோ."

வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொன்னதற்கு, "எல்லாம் பேசிட்டோம்." பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த ட்ரிப்பில் 300 தள்ளுபடி. நான் போட்ட கமெண்டை அழித்துவிட்டார்கள். அதே படம் இன்னும் ஓடுகிறது, விலை இப்போது 3,200.

பையன் உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு இருக்கிறது. அக்காவிடம் பைக் செயின் என்று சொல்லிவைத்திருக்கிறோம். தெரிந்தவர்கள் யாரும் இதை அவளுக்கு அனுப்பிவிடாதீர்கள்.