போதை மறுவாழ்வு மையத்தில் பெண்ணைச் சேர்க்கும் முன் எச்.ஐ.வி. பற்றிக் கேளுங்கள்

ஊசி வழியாகப் போதை எடுக்கும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த மையமாக இருந்தாலும் எச்.ஐ.வி. தடுப்பையும் அங்கேயே பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். என் தங்கையைச் சேர்த்த தனியார் மையத்தில் அதைப் பார்க்கவில்லை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

சேர்க்கும்போது நர்ஸ் கேட்ட எதற்கும் அவள் மறைத்துப் பேசவில்லை. முந்தின இரவு, கூட இருப்பவன் ஹெராயின் போட்டுக்கொண்ட அதே ஊசியால் அவளுக்கும் போட்டிருக்கிறான். அவனுக்கு எச்.ஐ.வி. இருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம். ஆணுறை என்று வாயெடுத்தாலே அடி. அத்தனையும் படிவத்தில் ஏறியது. பல பெண்களின் நிலைமை இதுதான். ஆண் போட்டு முடித்த பிறகு, அவன் கையால்தான் இவர்களுக்கு ஊசி ஏறுகிறது. ஊசியாலும் உறவாலும் ஒரே ஆளிடமிருந்து ஆபத்து வருகிறது.

இப்படி நடந்தால் பெப் என்ற தடுப்பு மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த 72 மணி நேரமும் என் தங்கை அந்த மையத்துக்குள்தான் இருந்தாள். போனை வாங்கி வைத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் வீட்டார் பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. அவளே கவுன்சலரிடம் கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் இங்க வராதும்மா. முதல்ல இதுலேர்ந்து வெளிய வா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம். டாக்டர் அந்தப் படிவத்தைப் படித்தாரா என்று பிறகு நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. டெஸ்ட் எடுக்கவே இல்லை. ஆனால் அவள் சாப்பிடும் தட்டை மட்டும் தனியாக வைத்தார்கள். தட்டால் எச்.ஐ.வி. பரவாது என்பது தெரியாதவர்களா மையம் நடத்துகிறார்கள்?

டிஸ்சார்ஜ் அன்று, ஹெராயினுக்குப் பதிலாகத் தரும் மாற்று மருந்தான புப்ரினார்ஃபினையும் நிறுத்தி அனுப்பினார்கள். அதுவும் அதே வேலைக்கான மெத்தடோனும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. தொடர்ந்து எடுத்தால் ஊசி போடுவது குறையும், அதனால் எச்.ஐ.வி. தொற்றும் குறையும். நிறுத்திவிட்டால் உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. மறுபடி பழைய அளவு ஹெராயினைப் போட்டால் உயிரே போகலாம். அந்த நேரத்தில் காப்பாற்றும் நாலக்சோன் மருந்தைக் கையில் கொடுக்கவும் இல்லை, அதைப் பற்றி எங்களிடம் பேசவும் இல்லை.

இப்போது அவள் போகும் அரசு கிளினிக்கில் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கிறது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிறுநீரகம், கர்ப்பம் என்று எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்கள் டெஸ்டில் தெரியாது என்பதால் மறுபடியும் வரச் சொல்லி எடுத்தார்கள். இரண்டு முறையும் நெகட்டிவ். புப்ரினார்ஃபினைத் திரும்பத் தொடங்கினார்கள், கூடவே எச்.ஐ.வி. வராமல் இருக்க முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரையும். பெண்கள் பிரெப்பைத் தினமும் விடாமல் எடுக்க வேண்டும் என்று அங்கே பொறுமையாகச் சொன்னார்கள். மாத்திரை டப்பாவை வீட்டில் வைத்தால் அவன் பார்த்துவிடுவான் என்று பயப்படும் பெண்களுக்கு ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் ஊசியை எடுத்த பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே எச்.ஐ.வி. இருக்கும் பெண்ணென்றால் எச்.ஐ.வி. டாக்டரும் போதை சிகிச்சை டாக்டரும் ஒருவருக்கொருவர் தெரிந்து மருந்து தருவது இன்னும் அவசியம். எஃபாவிரென்ஸ் போன்ற சில எச்.ஐ.வி. மருந்துகள் உடம்பில் மெத்தடோன் அளவைக் குறைத்துவிடும். அளவை ஏற்றித் தராவிட்டால் உதறலும் வலியும் தாங்காமல் அவள் திரும்ப ஊசிக்குப் போய்விடுவாள்.

அதனால் சேர்க்கும் முன்பே கேளுங்கள்: முதல் நாளே எச்.ஐ.வி. டெஸ்ட் உண்டா, பெப் தேவைப்பட்டால் அன்றைக்கே யார் தருவார்கள், அவள் சொன்னதை அவள் அனுமதியில்லாமல் கணவனிடமோ கூட்டாளியிடமோ சொல்வீர்களா, டிஸ்சார்ஜுக்குப் பிறகு புப்ரினார்ஃபின் தொடருமா, நாலக்சோன் தருவீர்களா. "அது வேற டிபார்ட்மென்ட்" என்றால் அங்கே சேர்க்காதீர்கள்.

மையத்தின் மீது எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.