சுகாதாரக் கல்விப் பட்டப்படிப்பு: சேர்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

போனுக்கும் மிக்ஸிக்கும் பத்து விமர்சனம் படித்துவிட்டு வாங்குகிறோம், ஆனால் மூன்று நான்கு வருடத்தைக் கொடுத்து வாங்குகிற ஒரு பட்டத்துக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கல்லூரியில் சுகாதாரக் கல்வி படித்தேன், முடித்து அந்தத் துறையிலேயே வேலைக்கும் போனேன். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் படிப்புக்கு நாலரை, நான் படித்த கல்லூரிக்கு இரண்டரை. ஏன் இவ்வளவு இடைவெளி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் சேர்க்கையின்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. இது மருத்துவப் படிப்பு இல்லை, நர்சிங்கும் இல்லை. முடித்தால் ஊசி போட முடியாது, மருந்து எழுத முடியாது, நோயைக் கண்டறிந்து சொல்லவும் கூடாது. நோய் வராமல் பார்த்துக்கொள்ளவும் வந்த நோயோடு ஒழுங்காக வாழவும் மக்களுக்குக் கற்றுக்கொடுப்பதும், அதற்கான திட்டங்களைத் தீட்டி நடத்துவதும்தான் வேலை. 'டாக்டருக்கு அடுத்தபடியான படிப்பு' என்று யாராவது சொல்லிச் சேர்த்துவிடப் பார்த்தால் அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள். எங்கள் வகுப்பில் அதை நம்பிச் சேர்ந்த சிலர் முதல் வருடம் முழுக்க ஏமாற்றத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பாடங்கள் என்று பார்த்தால் உடற்கூறியல், ஊட்டச்சத்து, தொற்றுநோய்கள், மனநலம், நோய்ப்பரவலியல், புள்ளியியல், தகவல் தொடர்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். முதல் வருடத்தில் இது ஒரு கதம்பம் போலத் தெரியும். இரண்டாம் வருடத்தில் நடத்தை மாற்றக் கோட்பாடுகள் வரும்போதுதான் எல்லாம் ஏன் என்று புரியும். எனக்கு அந்தக் கதவைத் திறந்தது ஒரு பழைய சம்பவம். 1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். பரிசோதனை இலவசம். அப்படியும் எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் வரவில்லை. வந்தவர்கள் ஏன் வந்தார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் போன்ற சமூக உளவியலாளர்கள் ஆராயப் போனதில் உருவானதுதான் 'சுகாதார நம்பிக்கை மாதிரி' (Health Belief Model) என்ற கோட்பாடு. இந்த நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், இதைச் செய்தால் என்ன பலன், செய்ய விடாமல் எது தடுக்கிறது என்று மனிதர்கள் மனதுக்குள் போடுகிற கணக்கைப் பிரித்துக் காட்டுகிற கோட்பாடு அது. தேர்வுக்கு மனப்பாடம் செய்தால் நாலு வரி, ஒரு மனிதரை எதிரில் வைத்துக்கொண்டு யோசித்தால் ஒரு வாழ்நாள் வேலை.

களப்பயிற்சியில் எங்கள் குழு ஒரு பள்ளியில் கைகழுவுவதைப் பற்றிப் பாட்டு, போஸ்டர், செய்முறை எல்லாம் நடத்தியது. பிள்ளைகள் எல்லாப் படிகளையும் அழகாகச் செய்து காட்டினார்கள். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் சாப்பாட்டு இடைவேளையில் கிட்டத்தட்ட யாருமே கழுவவில்லை. நாங்கள் பாடத்தை மறுபடி நடத்தலாம் என்று கிளம்பியபோது எங்களோடு வந்த ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவங்களுக்குத் தெரியலையா, இல்ல முடியலையா?" போய்ப் பார்த்தோம். குழாய் கட்டடத்தின் மறுகோடியில், அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். சோப்பு அலுவலக அறையில் பூட்டி இருந்தது. தலைமையாசிரியரிடம் பேசி சோப்பை வெளியே வைக்கவும், குழாய்க்குக் கீழே ஏறி நிற்க ஒரு படி போடவும் வைத்தோம், அப்புறம்தான் மாற்றம் வந்தது. தெரியலையா, முடியலையா என்ற அந்தக் கேள்விக்காகவே இந்தப் படிப்புக்கு நான் நாலரை கொடுக்கிறேன். இன்றைக்கும் எந்த வேலையை எடுத்தாலும் முதலில் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

மக்களின் ஆரோக்கியத்தை மேம்படுத்த என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணம், 1986இல் வந்த ஒட்டாவா சாசனம். அதை வகுப்பில் படித்தபோது வெறும் ஐந்து அம்சங்களாகத்தான் தெரிந்தது. தனிமனிதத் திறன்களை வளர்ப்பது அந்த ஐந்தில் ஒன்று மட்டுமே, மற்றவை பொதுக் கொள்கை, சூழல், சமூகச் செயல்பாடு, மருத்துவச் சேவைகளின் திசையை மாற்றுவது. அந்தக் குழாயைப் பார்த்த பிறகுதான் மற்ற நான்கும் எதற்கு என்று உறைத்தது.

சரி, கல்லூரி எங்கே சறுக்கியது? புள்ளியியலை ஒரு சாபம் போல நடத்தினார்கள். சூத்திரம், கணக்கு, தேர்வு, அவ்வளவுதான். ஒரு திட்டம் பலன் தந்ததா இல்லையா என்று நிரூபிக்கிற கருவியே அதுதான் என்று யாரும் சொல்லவில்லை, வேலைக்குப் போய் நானே தட்டுத்தடுமாறிக் கற்றேன். எழுதுவதற்கு என்று ஒரு பாடமே இல்லை. எளிய மொழியில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுவது எவ்வளவு கடினம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாடம் எடுத்தவர்களில் பாதிப் பேர் களத்தில் வேலை செய்தவர்கள் இல்லை, அது வகுப்பில் அப்படியே தெரிந்தது. வேலைவாய்ப்புப் பிரிவு எங்கள் துறைக்கு ஒரு நிறுவனத்தைக்கூட அழைத்து வரவில்லை. கேட்டால் "மேல படிங்க" என்பதுதான் பதில். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, ஏனென்றால் வேலைகள் இருக்கின்றன, அவை எங்கே இருக்கின்றன என்று சொல்ல ஆள்தான் இல்லை.

வேலை தேடும்போது 'ஹெல்த் எஜுகேட்டர்' என்ற பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள், பாதி வேலைகள் வேறு பெயரில் ஒளிந்திருக்கும். சமூகத் தொடர்பு அலுவலர், திட்ட ஒருங்கிணைப்பாளர், நடத்தை மாற்றத் தகவல் தொடர்பாளர், நோயாளி வழிகாட்டி, வெல்னஸ் கோஆர்டினேட்டர், கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு உதவியாளர் என்றெல்லாம் தேடுங்கள். மருத்துவமனைகளில் சர்க்கரை நோய், இதய நோய், புற்றுநோய்ப் பரிசோதனை போன்ற பிரிவுகளில் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பணி உண்டு, சிலவற்றுக்குக் கூடுதல் சான்றிதழ் கேட்பார்கள். பள்ளிகள், தொழிற்சாலைகள், பொதுச் சுகாதாரத் துறைகள், தொண்டு நிறுவனங்கள், மருத்துவ ஆய்வுத் திட்டங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், சுகாதாரச் செய்திகளை எழுதும் இடங்கள் எல்லாம் இருக்கின்றன. அமெரிக்காவில் இதற்கென்றே செஸ் என்ற சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது, 165 கேள்விகள், தேர்ச்சி பெற்ற பிறகும் ஐந்து வருடத்தில் 75 மணி நேரம் தொடர்கல்வி முடித்தால்தான் அதைத் தக்கவைக்க முடியும்.

கசப்பான பகுதியையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. தொண்டு நிறுவன வேலைகள் பெரும்பாலும் திட்டத்தோடு கட்டியவை, நிதி முடிந்தால் வேலையும் முடிந்தது. என் முதல் வேலை அப்படித்தான் போனது, பதினைந்து மாதம் பழகிய மக்களிடம் "இனி வர மாட்டோம்" என்று சொல்லிவிட்டு வந்தது சம்பளம் நின்றதைவிட வலித்தது. செலவுக் குறைப்பு என்று வந்தால் பல இடங்களில் முதலில் கை வைப்பதும் இந்தப் பிரிவில்தான்.

அப்படியும் ஏன் பரிந்துரைக்கிறேன் என்றால், இந்த வேலை ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டதால். வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பும் வெல்லமும் தண்ணீரும் கலந்து கொடுப்பதைத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. மூன்று விரலால் எடுத்த சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: பிறகு வேறொருவர் போய்ச் சில வீடுகளில் கேட்டுப் பார்ப்பார், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம். எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை நோட்டீஸ் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுகிற இடங்களில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சேர நினைப்பவர்கள் கல்லூரியில் பாடத்திட்டத்தைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். களப்பயிற்சி எத்தனை மணி நேரம், எங்கே, கூட வருவது யார் என்று கேளுங்கள். 'விழிப்புணர்வு ஊர்வலம்' என்று மட்டும் பதில் வந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள். போன வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் அவர்களில் இரண்டு பேரிடம் நேரிலேயே பேசுங்கள். மக்களிடம் பேசப் பிடிக்காதவர்களுக்கு இது கஷ்டம், ஆனால் கேட்கப் பிடிக்காதவர்களுக்கு அதைவிடக் கஷ்டம்.

ஏற்கனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் செய்த எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வையுங்கள். பாடத் திட்டம், துண்டுப்பிரசுரத்தின் முதல் வடிவமும் கடைசி வடிவமும், முன்னும் பின்னும் எடுத்த கணக்கு எல்லாம். என் இரண்டாவது வேலைக்கான நேர்காணலில் மதிப்பெண் பட்டியலை யாரும் புரட்டவில்லை. ரத்த அழுத்த மாத்திரைகளைப் பற்றிய ஒரு தாளைக் கொடுத்து, படிக்கத் தெரியாத ஒரு பெரியவருக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள் என்றார்கள். சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதாங்களா" என்று நான் கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். "வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்கன்னு எனக்கு ஒருதடவை சொல்லுங்க ஐயா" என்று கேட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார், அடுத்த வாரம் வேலைக்குச் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது.