காது இரைச்சலுக்கு ஜிங்கோ மாத்திரை

மில்லில் தறிச் சத்தத்தோடு காலம் தள்ளிய காது இது. ராத்திரி ஃபேனை நிறுத்தினால் உள்ளே சில்வண்டு கத்தும். புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் ஜிங்கோ பைலோபா வாங்கினேன். சீனத்து மரம், அதன் இலையிலிருந்து எடுத்த சாரம். பழுப்பு மாத்திரை, வைக்கோல் வாசம், விழுங்கினால் கசப்பு ஏப்பம் வேறு. டப்பா காலியாகிவிட்டது, வண்டு மட்டும் நிறுத்தவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இரைச்சலுக்கு இதனால் பெரிய பலன் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. எனக்குத் தூக்கம் வருவதெல்லாம் ரேடியோவைச் சன்னமாக ஓடவிடுவதால்தான். அப்புறம் ஒன்று: ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள், ரத்தக்கசிவு வரலாம். கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை. 5-க்கு 1 தருகிறேன், அதுவும் டப்பா மூடி நன்றாக இருந்ததற்கு.