பலகாரப் பெட்டியும் எங்கள் வீட்டு நாலரை மணியும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நான்கைந்து தெரு தள்ளி, சில பெண்கள் சேர்ந்து வீட்டு அடுப்பிலேயே செய்து தரும் குழந்தைகளுக்கான பலகாரப் பெட்டியை இரண்டு மாதங்களாக வாங்கி வருகிறோம். வாரத்துக்கு ஒரு பெட்டி, விலை 300 ரூபாய். வியாழக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால் சனிக்கிழமை மாலை ஸ்கூட்டரில் கொண்டுவந்து தருகிறார்கள். பெட்டிக்குள் 40 கிராம் எடையுள்ள பொட்டலங்கள் பன்னிரண்டு இருக்கும். ஒன்பது வயது மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் நாளுக்கு ஒன்று வீதம் ஆறு நாள் கணக்கு. சிறு தொழில் செய்பவர்கள் என்பதாலும், கீழே சொல்லப்போகும் குறைகளில் சிலவற்றை அவர்கள் திருத்தத் தொடங்கிவிட்டார்கள் என்பதாலும் பெயரைக் குறிப்பிடவில்லை.

வாங்கத் தொடங்கியதற்குக் காரணம் பள்ளிக்கூடத்துக்கு அருகிலுள்ள பெட்டிக்கடைதான். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி சொல்கிறது. ஆனால் ஐம்பத்தொன்றாவது மீட்டரில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்களுக்கு அந்த விதி பொருந்தாது. வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு பொட்டலம் காலியாகிவிடும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பண்டமாவது கையில் இருக்கட்டும் என்று நினைத்தோம்.

முதலில் ருசியைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. முந்திரிக்கொத்து மிகச் சிறப்பு. பெயரில் மட்டுமே முந்திரி உள்ள இந்தப் பண்டத்தை, வறுத்துத் திரித்த பாசிப்பயற்று மாவில் தேங்காயும் எள்ளும் சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தெடுக்கிறார்கள். மேல்தோல் மொறுமொறுவென்றும் உள்ளே பொலபொலவென்றும் இருக்கிறது. ஏலக்காயும் சுக்கும் அளவாக விழுந்திருக்கின்றன. எள்ளுருண்டையும் அப்படியே. கடலை மிட்டாய் பரவாயில்லை என்ற அளவுதான். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் பாகின் பதம் ஒரு நூல் தவறினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். கைமுறுக்கு முதல் இரண்டு வாரம் நன்றாக இருந்தது. மூன்றாம் வாரம் சிக்கு வாடை வீசியது. பொட்டலத்தில் செய்த தேதி இல்லாததால் எத்தனை நாள் பழையது என்று தெரியவில்லை. சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நிறமி எதுவும் சேர்ப்பதில்லை. ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்த பிறகு, சிவப்பாக எதைக் கண்டாலும் யோசிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

என் வழக்கெல்லாம் பெட்டிக்குள் வரும் துண்டுச் சீட்டோடுதான். "வெள்ளைச் சீனி இல்லை, எனவே குழந்தைகள் எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம்" என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் நாங்கள் இதை அப்படியே நம்பினோம். பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் திறந்தே வைத்தோம். முதல் பெட்டி திங்கட்கிழமை இரவுக்குள் தீர்ந்தது. இரண்டாவது புதன்கிழமை வரை தாங்கியது. இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொதி. தேங்காய்ப்பால் மூன்று முறை பிழிந்து, இஞ்சித் துவையல் அரைத்து, உருளைக்கிழங்கு பொரித்து இலை போட்டால், காலை பத்து மணியிலிருந்து மேசையைச் சுற்றி வந்த இரண்டு பேரும் நாலு வாய் அளைந்துவிட்டு எழுந்து போனார்கள். ஒரு நெல்லைக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியாது.

அன்று நான் பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டப் போனபோது என் அம்மா, அதாவது பிள்ளைகளின் ஆச்சி, தடுத்தார்கள். "எய்யா, வளருத பிள்ளைய இல்லா, வயிறு கேக்கத்தான் செய்யும். பூட்டி வச்சேன்னா திருடித்தான் திங்கும்" என்றார்கள். இதில் பாதி சரி என்பது பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. ஃபிஷர், பிர்ச் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட சோதனையில், கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டு எடுக்கக்கூடாது என்று தடுத்த பண்டத்தின் மீதே பிள்ளைகளின் பேச்சும் கையும் கூடுதலாகச் சென்றன. பள்ளி விட்டு நான்கு மணிக்கு வருகிற பிள்ளைக்கு இரவுச் சாப்பாடு எட்டரைக்கு என்றால், நடுவே ஏதாவது வயிற்றில் விழத்தான் வேண்டும் என்பதும் உண்மை. சிறு வயிறு ஒரே வேளையில் அதிகம் கொள்ளாது. ஆனால் ஆச்சி சொன்னது "கொடு" என்பது. துண்டுச் சீட்டு சொல்வது "எப்போதும் கொடு" என்பது. இரண்டும் ஒன்றல்ல.

கருப்பட்டி விஷயத்தில்தான் இந்தச் சீட்டு வாங்குபவர்களைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. நம் பனைக்காட்டுக் கருப்பட்டிக்கு மணம் உண்டு, ருசி உண்டு, சிறிதளவு தாது உப்புகளும் உண்டு. இருந்தாலும் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் மேலும் நல்லது என்றும் சொல்கிறது. சமையலில் சேர்க்கும் வெல்லமும் கருப்பட்டியும் இந்தக் கணக்கில் அடங்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,700 கலோரி என்று வைத்துக்கொண்டால் அந்த 5 சதவீதம் என்பது சுமார் 21 கிராம். எள்ளுருண்டையில் எடைக்குப் பாதி கருப்பட்டி என்று செய்பவர்களே சொன்னார்கள். ஆக, ஒரே ஒரு 40 கிராம் பொட்டலத்தில் ஏறத்தாழ 20 கிராம் போய்விட்டது. மூன்று பொட்டலம் தின்ற நாளில் 10 சதவீத எல்லையும் கடந்துபோயிருக்கும்.

பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு தின்றார்கள் என்பதோடு எத்தனை முறை தின்றார்கள் என்பதும் முக்கியம். சர்க்கரை வாயில் பட்டதும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதை உமிழ்நீர் கழுவிச் சமன்படுத்த அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நான்கு உருண்டைகளை ஒரே மூச்சில் தின்றால் பல் ஒரு முறை அமிலத்தில் நனைகிறது. அதே நான்கை இரண்டு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று கொறித்தால் நான்கு முறை நனைகிறது. பாகு பண்டங்கள் பல்லில் ஒட்டிக்கொள்வது வேறு. மகளின் கடைவாய்ப் பல்லில் கறுப்புப் புள்ளி விழுந்ததற்கு இந்தப் பெட்டிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை; அது முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் பல் மருத்துவர் முதலில் கேட்டது "ஒரு நாளைக்கு எத்தனை தடவை திங்குது?" என்பதைத்தான்.

மூன்றாம் வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் நாலரை மணி பண்ட நேரம். பெட்டிக்குப் பூட்டு இல்லை, ஆனால் மேசையிலிருந்து அடுக்களை அலமாரிக்குள் போய்விட்டது. எந்தப் பொட்டலம் என்பதைப் பிள்ளைகளே எடுக்கலாம். அதோடு அவித்த ஏத்தன் பழமோ சுண்டலோ இருக்கும். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடு வரை தண்ணீர் மட்டும். முதல் நான்கு நாள் மகன் ஐந்தரை மணிக்கு அலமாரி முன் நின்று அழுதான். ஆச்சி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். பத்தாவது நாள் வாக்கில் அழுகை நின்றது, இரவு தோசையும் உள்ளே போகத் தொடங்கியது. இந்த ஏற்பாட்டுக்கு 40 கிராம் பொட்டலம் மிகவும் ஒத்துவருகிறது. அரைக்கிலோவாக மொத்தமாகக் கட்டித் தரும் பலகாரக் கடைகளில் இந்த வசதி கிடைக்காது. பெட்டியின் உண்மையான பலம் இதுதான், அதைச் செய்பவர்கள் சீட்டில் ஒரு வரிகூடச் சொல்லிக்கொள்ளவில்லை என்பது வேடிக்கை.

இன்னும் இரண்டு குறைகள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. கடலை மிட்டாயிலும் கல்லைப் போன்ற பொரிவிளங்காய் உருண்டையிலும் வயது எச்சரிக்கை இல்லை. மகன் பங்குக்கு வந்த பொரிவிளங்காயை ஆச்சி அம்மியில் தட்டிப் பொடியாக்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தாமே தின்றுவிடுகிறார்கள். மற்றொன்று, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் பொட்டலத்தில் இல்லை. கேட்டதற்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்றார்கள். செய்த தேதியை மட்டும் ஆறாம் வாரத்திலிருந்து பேனாவால் எழுதி அனுப்புகிறார்கள்.

அடுத்த மாதத்துக்கும் பணம் கட்டியிருக்கிறேன். கருப்பட்டிப் பண்டம் வாரத்துக்கு நான்கு பொட்டலம் போதும், மீதி எட்டில் வறுத்த பயறும் பொட்டுக்கடலையும் முறுக்கும் வையுங்கள், தை மாதம் பனங்கிழங்கு வந்தால் அதையும் சேருங்கள் என்று கேட்டேன். பனங்கிழங்கு இரண்டு நாளுக்கு மேல் தாங்காதே என்று யோசித்தவர்கள், பெட்டி வரும் சனிக்கிழமைக்கும் மறுநாளுக்கும் மட்டும் ஆகும்படி வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். துண்டுச் சீட்டில் "எப்போது வேண்டுமானாலும்" என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது. ஆயிரம் சீட்டு அச்சடித்து வைத்துவிட்டார்களாம், அது தீரட்டும் என்கிறார்கள்.