நாலு வருஷத்துக்கு மேலாக என் கிளினிக்கில் நிலைத்த செயலிகள்

அம்பாசமுத்திரத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் சேர்த்து அறுபது, எழுபது பேர் வருவார்கள்; மழைக்காலக் காய்ச்சல் பரவினால் நூறைத் தாண்டும். 2021-லிருந்து வேலையை ஒழுங்குபடுத்தும் செயலிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, முக்கால்வாசியை அழித்துவிட்டேன். இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்கிற பொமொடோரோ முறை ஓ.பி.க்கு ஒத்தே வராது.

நிலைத்தவற்றில் முதலாவது கூகுள் கீப் என்கிற குறிப்பெழுதும் செயலி. அதற்குக் காரணம் பீடி சுற்றும் ஒரு ஆச்சி. இடுப்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போட்டு வந்தார். வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்பதால், அதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் மாத்திரையை மாற்றலாம் என்று விட்டது என் தவறு. ரிப்போர்ட் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. மற்ற செய்திகளுக்கு அடியில் போய்விட்டது. எட்டு நாள் கழித்து ஆச்சியே வந்தார். தேடி எடுத்துப் பார்த்தால் 2.4; இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். அத்தனை நாளும் அதே மாத்திரைதான். "ஒரு போன் போட்டிருக்கலாம்லா டாக்டரம்மா" என்றார்.

அன்றிலிருந்து டெஸ்ட் எழுதிக் கொடுத்த கையோடு கீப்பில் ஒரு வரி போடுகிறேன்: ஓ.பி. எண், என்ன டெஸ்ட், எந்தத் தேதிக்குள். பெயர் எழுத மாட்டேன்; அடுத்தவர் உடம்பு விஷயம் அதில் கிடக்கக் கூடாது. அந்தப் பட்டியல் சிஸ்டர் போனிலும் தெரியும். ரிப்போர்ட் பார்த்து, நோயாளியிடம் பேசிய பிறகுதான் டிக். இரவு கிளினிக்கை அடைக்கும் முன் டிக் விழாதவற்றை இருவரும் ஒருமுறை பார்ப்போம்.

அடுத்தது அன்கி, கேள்வி-பதில் கார்டுகளை வைத்துப் படிக்கும் செயலி. படித்ததை நாம் மறக்கப்போகிற சமயம் பார்த்துத் திரும்பக் கேட்கும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. கார்டுகளை நானே எழுதுகிறேன். ஒன்று இப்படி: "தேள் கொட்டி, வியர்த்து, கை கால் சில்லிட்ட 10 கிலோ குழந்தை. பிரசோசின் எவ்வளவு?" பிரசோசின் தேள் கடிக்குக் கொடுக்கும் மருந்து; பதில், கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், ஆக 300. மலையடிவார ஊர்களிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்போது புத்தகம் புரட்ட நேரமிருக்காது. மூன்று நாள் விட்டால் கார்டுகள் குவிந்துவிடும், அதுதான் குறை. தினம் 20 புதுக் கார்டு என்றிருந்ததை 5 ஆக்கிய பிறகே விடாமல் செய்ய முடிகிறது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் கரண்டும் டவரும் போயின. மருந்துச்சீட்டு அடிக்கச் சந்தா கட்டி வைத்திருந்த மென்பொருள் நெட் இல்லாமல் திறக்கவே இல்லை. அன்கி திறந்தது, கீப் பட்டியலும் தெரிந்தது. சந்தாவை அடுத்த மாதமே நிறுத்திவிட்டேன். ஆனாலும் போனில் சார்ஜ் இறங்க இறங்க எனக்குப் பயம்தான். இப்போதெல்லாம் பொதிகைப் பக்கம் மேகம் கறுத்தாலே, டிக் விழாத எண்களைச் சிஸ்டர் நோட்டில் எழுதி வைத்துவிடுகிறார்.