இழையைப் பார்த்துச் சாயம்: ஆசிட், ரியாக்டிவ், அவுரி, மஞ்சிட்டி

சொந்தமாகச் சாயம் போட ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் 'இயற்கையா, ரசாயனமா?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கையில் இருக்கும் இழை எது என்று பார்ப்பதே முதல் வேலை என்பேன். பருத்தியும் லினனும் செல்லுலோஸ், அதாவது தாவர இழை. கம்பளியும் பட்டும் புரதம். ஒன்றில் இறுகப் பிடிக்கும் சாயம் மற்றொன்றில் அலசும் தண்ணீரோடு போய்விடலாம்.

கம்பளி நூலுக்கு ஆசிட் சாயம்தான் என் தேர்வு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வினிகரோ சிட்ரிக் அமிலமோ போதும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரை மணி நேரம் வைத்தால் நூல் சாயத்தை இழுத்துக்கொள்ளும், பாத்திரத்துத் தண்ணீர் கிட்டத்தட்ட தெளிந்துவிடும். சூட்டில் கிளறினால் மட்டும் கம்பளி சிக்குப் பிடித்துச் சுருங்கும்.

பருத்திக்கு, அதுவும் அடிக்கடி துவைக்கும் துணிக்கு, ரியாக்டிவ் சாயம். 1956-இல் விற்பனைக்கு வந்தது. சோடா ஆஷ் என்ற காரப்பொருளைச் சேர்த்ததும் இழையோடு வேதிப்பிணைப்பே கொள்கிறது. பல வகைகளுக்கு அடுப்பே வேண்டாம். ஆனால் ஒட்டாத சாயத்தை முதலில் குளிர்நீரிலும் அப்புறம் நல்ல வெந்நீரிலும் அலசி எடுத்தே ஆக வேண்டும். 'எல்லாத் துணிக்கும்' என்று விற்கும் பொட்டலச் சாயத்தைப் பருத்திக்கு நான் எடுக்கமாட்டேன். துவைக்கத் துவைக்க வெளுக்கும்.

இயற்கைச் சாயங்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்க முடியாது. மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். பீட்ரூட் நிற்கவே நிற்காது. மஞ்சிட்டி வேர் அப்படியில்லை. கம்பளியானால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், சாயத்தை இழையில் பிடிக்கவைக்கும் படிகாரத்தை ஏற்றிக்கொண்டு சாயத்தில் போடலாம். பருத்திக்கு அதற்கும் முன்னால் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளில் ஊறவைக்க வேண்டும். வேலை இழுக்கும்தான். ஆனால் ஒரே வேர் படிகாரத்தோடு செம்மையும் இரும்போடு ஊதா கலந்த பழுப்பும் தருகிறதே, அந்த உழைப்பு வீண் இல்லை!

நீலம் தரும் அவுரிக்குப் (இண்டிகோ) படிகாரம்கூட வேண்டாம். ஆக்ஸிஜன் நீக்கிய தொட்டியிலிருந்து பச்சையாக வெளிவரும் துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. பருத்தி, கம்பளி இரண்டிலும் ஏறும். கம்பளிக்குத் தொட்டியின் காரத்தன்மையைக் குறைக்க வேண்டும். அடர்நீலம் வேண்டுமென்றால் ஒரேயடியாக ஊறவிடாமல் பலமுறை முக்கி எடுங்கள்.

பல கண்டு நூலுக்கு ஒரே நிறம் வேண்டும், பிறகு அதே நிறத்தைத் திரும்ப எடுக்கவும் வேண்டும் என்றால் இயற்கைச் சாயத்தை நம்பி இறங்க வேண்டாம். எடைபோட்டு எழுதிவைத்த ஆசிட், ரியாக்டிவ் பொடிகளே கைகொடுக்கும். அந்தப் பொடியை எடைபோடும்போது முகக்கவசம் கட்டாயம், ரியாக்டிவ் தூசி மூச்சில் போனால் ஒவ்வாமை வரலாம்.