டிரையருக்குள் போடும் துணித்துண்டு: கண்டிஷனரா, வினாகிரியா?

கார்த்திகை மாதத்தில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு துவாய் காய மூன்று நாள் எடுக்கும். மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஒரு புழுங்கல் மணம். இரண்டு வருடத்துக்கு முந்திய மாரியில் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். தாழ்வாரம் முழுக்கத் துணி நப்பிகள் தொங்கின, ஒன்றும் காயவில்லை. உடுப்புக் காயவைக்கும் டிரையர் வாங்கியது அப்போதுதான்.

அந்த மார்கழியில் ரொறன்ரோவில் இருந்து வந்த தங்கச்சி ஒரு பெட்டி டிரையர் ஷீட் கொண்டுவந்தாள். "அக்கா, உடுப்போட ஒண்டைப் போட்டு விடுங்கோ, பஞ்சு மாதிரி வரும்" என்றாள். மெல்லிய பொலியெஸ்டர் தாள், அதன் மேல் துணியை மென்மையாக்கும் மெழுகு மாதிரியான பூச்சு. சூட்டில் அந்தப் பூச்சு உருகி உடுப்பில் படியும். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை எடுத்தவர் கொன்ராட் கெய்சர் என்பவர். ஒரு தரம் போட்டால் எறிய வேண்டியதுதான். பெட்டி முடிந்ததும் வீட்டிலேயே செய்வோம் என்று இறங்கினேன். செய்யலாம், கஷ்டமே இல்லை. துணியை மென்மையாக்கும் கண்டிஷனரிலா, வினாகிரியிலா, எதில் ஊறவைப்பது என்பதில்தான் விசயம் இருக்கிறது.

துணி இரண்டுக்கும் ஒன்றுதான். பழைய பருத்தி வேட்டியைக் கைலேஞ்சி அளவில் வெட்டி ஓரம் மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியே நல்லது, சாயம் போகும் பயம் இல்லை.

கண்டிஷனர் முறை: ஒரு பங்கு கண்டிஷனர், இரண்டு பங்கு தண்ணீர். அகலவாய்ப் போத்தலில் துணிகளை ஊறவிட்டு, ஒன்றை எடுத்து நன்றாகப் பிழிந்து உடுப்போடு போட வேண்டும். முதல் மாதம் எனக்கு இதுதான் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை. அலுமாரியைத் திறந்தால் நல்ல வாசம். ஒரு நாள் அவசரத்தில் சரியாகப் பிழியாமல் போட்டேன். இவருடைய கறுப்புக் காற்சட்டையில் எண்ணெய் பட்டது போல இரண்டு திட்டு. திரும்பத் தோய்த்துத்தான் போனது.

வினாகிரி முறை: பாதி வினாகிரி, பாதி தண்ணீர். நிறமில்லாத வினாகிரியாகப் பாருங்கள், பழுப்பு நிறத்தது வெள்ளை உடுப்புக்குச் சரிவராது. துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. போடும்போது மணக்கும், உடுப்பு காய்ந்து வெளியே வரும்போது அந்த மணம் இருக்காது. வீட்டில் யாரும் நம்பவில்லை. மகள் ஒவ்வொரு நப்பியாக மணந்து பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

என்னை ஒரு பக்கம் சாய வைத்தது பஞ்சு வடிகட்டி. டிரையர் கதவடியில் இருக்கும் அந்த வலை. உடுப்பில் இருந்து வரும் பஞ்சை ஒவ்வொரு தரமும் வழித்து எடுத்துக்கொண்டுதான் இருந்தேன், பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கண்டிஷனர் துணி பாவித்து இரண்டு மாதத்தில், ஐம்பது நிமிடத்தில் காய்ந்த துவாய்களுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் தேவைப்பட்டது. டிரையர் என்பது 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும் சாமான், கரண்ட் பில் வரும்போது நெஞ்சு இடிக்கும். வலையைக் கழற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை அதன் மேல் விட்டுப் பார்த்தேன். தண்ணீர் கீழே இறங்கவில்லை. தாமரை இலையில் நிற்பது போல வலை மேலே உருண்டு நின்றது. ஒவ்வொரு கண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். தண்ணீரே போகாத வலைக்குள்ளால் காற்று எப்படிப் போகும்? பிறகு சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்து, பழைய பல் தூரிகையால் இரண்டு பக்கமும் தேய்த்தேன். மூன்றாம் தரம் தண்ணீர் விட்டபோது சளசளவென்று இறங்கியது. அடுத்த முறை துவாய்கள் பழைய நேரத்துக்குள் காய்ந்தன.

ஈரத்தை உணர்ந்து தானாக நிற்கும் டிரையர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே இருக்கும் உலோகப் பட்டைகளிலும் அதே படலம் பிடித்தால் ஈரத்தைச் சரியாக அளக்காது, ஈர உடுப்போடேயே நின்றுவிடும். ஊறவைக்கும் துணியும் அப்படித்தான். கண்டிஷனரில் கிடந்த வேட்டித் துண்டுகள் நாள் போகப் போகப் பிசுபிசுத்தன, கொதிநீரில் அவித்து எடுக்க வேண்டியிருந்தது. வினாகிரித் துண்டுகளை மற்ற உடுப்போடு தோய்த்துப் போடுகிறேன், அவ்வளவுதான். ஒரு மாரி முழுக்க வினாகிரி பாவித்தும் வலையில் தண்ணீர் நிற்கவில்லை. மாதம் ஒருக்கால் இந்தத் தண்ணீர்ச் சோதனையை எல்லோருமே செய்து பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய காரணம் நப்பியும் துவாயும். கண்டிஷனர் நூலின் மேல் படியும் பொருள், அதனால்தான் கைக்கு வழுவழுவென்று இருக்கிறது. அதே படிவு தண்ணீரை உறிஞ்ச விடாது. பிள்ளையின் நப்பி ஊறாமல் பக்கத்தால் ஒழுகத் தொடங்கியபோது முதலில் மடிப்பைத்தான் குறை சொன்னோம். கண்டிஷனரை நிறுத்தி, இரண்டு மூன்று தரம் சுடுதண்ணீரில் தோய்த்த பிறகு ஒழுகல் நின்றது.

எங்கள் தண்ணீரையும் சொல்ல வேண்டும். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதுதான் உடுப்பிலும் பிடிக்கிறது. கொடியில் காய்ந்த துவாய் மட்டை மாதிரி நிற்பதில் அதற்கும் பங்குண்டு. வினாகிரி அந்தச் சுண்ணாம்பைக் கரைக்கும். ஆனால் அந்த வேலைக்கு டிரையருக்குள் போடும் ஈரத்துண்டு போதாது. கடைசி அலம்பலில் அரைக் கோப்பை வினாகிரி ஊற்றுவதுதான் பலன் தரும். அதையும் நான் ஒவ்வொரு முறையும் செய்வதில்லை, வொஷிங் மெஷினின் ரப்பர்களுக்கு அடிக்கடி அமிலம் கூடாது. குளோரின் பிளீச் போட்ட தண்ணீரில் வினாகிரி படவே கூடாது, நச்சு வாயு வரும்.

அப்படியென்றால் துண்டு எதற்கு? மாரியின் புழுங்கல் மணத்துக்கு. அதில் கண்டிஷனர் மணத்தின் மேல் வாசத்தைப் பூசியது, வினாகிரியில் மணமே குறைந்தது. மென்மை இரண்டாலும் பெரிதாக வரவில்லை என்றுதான் சொல்வேன். டிரையருக்குள் உடுப்பு உருண்டு புரளுவதே அதை மென்மையாக்கிவிடுகிறது. துண்டு போடாமலே ஒரு நாள் ஓட விட்டுப் பாருங்கள், விளங்கும்.

கண்டிஷனர் வெல்லும் இடம் ஒன்று உண்டு: பொலியெஸ்டர் சேலையும் சட்டையும் உடம்போடு ஒட்டி, மடிக்கும்போது 'சடசட' என்கிற மின்னேற்றம். வினாகிரி அதற்கு அரைகுறைதான். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் எங்கள் வீட்டில் இது அபூர்வம். உடுப்பு லேசாக ஈரமாக இருக்கும்போதே எடுத்துக் கொடியில் பத்து நிமிடம் போட்டால் அதுவும் வராது. தங்கச்சி இருக்கும் ஊரின் பனிக்காலம் வேறு, அங்கே அவளுக்குக் கண்டிஷனர் துணியே சரியாக இருக்கலாம். கம்பளி உருண்டைகள் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு சினேகிதியிடம் இரவல் வாங்கி இரண்டு வாரம் போட்டேன். உடுப்பு ஒன்றோடொன்று சுற்றிக்கொள்வது குறைந்தது, மணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வாரத்தை வைத்து அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

எதைத் தெரிவு செய்தாலும் வாசத்துக்கென்று துண்டில் எண்ணெய் விடாதீர்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகித் துடைத்த துவாயையும் டிரையரில் போடாதீர்கள். தோய்த்த பிறகும் எண்ணெய் நூலில் மிஞ்சும், சூட்டில் தானாகவே மேலும் சூடாகித் தீப்பிடிக்கக் கூடியது. எங்கள் வீட்டில் அந்தத் துவாய்களுக்கு ஓரத்தில் சிவப்பு நூல் தைத்து வைத்திருக்கிறேன். மழை எத்தனை நாள் பெய்தாலும் அவை கொடியில்தான் காயும்.